அடுத்தவர் மலத்தில் என்ன மருந்து?

கேள்வி, 6 செப்டம்பர் 2025

"லண்டனில் இருக்கும் என் மாமனாருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பேதி நிற்கவே மாட்டேன் என்கிறது. மருந்து கொடுத்தால் அடங்குகிறது, கோர்ஸ் முடிந்ததும் திரும்புகிறது. சி. டிஃப் கிருமி என்கிறார்கள். இப்போது மூன்றாவது முறை. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை உள்ளே செலுத்தலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் ரகளை. மாமியார் சாப்பிடவில்லை. இது வைத்தியமா, இல்லை வயதானவர்தானே என்று பரிசோதனை செய்து பார்க்கிறார்களா?"

6 செப்டம்பர், இரவு

வைத்தியம்தான். எனக்குச் செய்தார்கள், இங்கிலாந்தில்தான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மீதியை நாளை எழுதுகிறேன். அதுவரை ஒன்று: பேதி நிற்கட்டும் என்று கடையில் லோபரமைடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் கிருமி விடும் நச்சு குடலுக்குள்ளேயே தங்கிவிட்டால் ஆபத்து. டாக்டர் சொன்னால் மட்டும்.

7 செப்டம்பர்

என் கதை பல்லில் ஆரம்பித்தது. கடைவாய்ப் பல்லில் சீழ். சின்ன வயதில் எப்போதோ பென்சிலின் ஊசி போட்டுத் தடிப்பு வந்ததாக அம்மா சொல்வாள். அதையே நான் எல்லா ஃபாரத்திலும் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் கிளிண்டமைசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பல் சரியாகிவிட்டது. அப்புறம் வயிறு.

சாதாரண லூஸ் மோஷன் என்று நினைத்து மோரும் உப்பும் குடித்துக்கொண்டு இரண்டொரு நாள் ஓட்டினேன். இது அந்த ரகமில்லை. அடிவயிற்றைப் பிசையும், தண்ணீராகப் போகும், வாடை வேறு மாதிரி இருக்கும். காய்ச்சல் வந்தபின் வார்டில் சேர்த்தார்கள். தனி அறை. உள்ளே வருகிறவர்கள் எல்லாம் ஏப்ரனும் கையுறையும். இந்தக் கிருமிக்கான ஆன்டிபயாடிக், வான்கோமைசின் 125 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளை, 10 நாள். நின்றது. வீட்டுக்கு வந்தேன். திரும்பியது. அடுத்து ஃபிடாக்சோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக். நின்றது. அதுவும் திரும்பியது.

மூன்றாவது முறை வரும்போது ஆள் எப்படி இருப்பார் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பஸ் ஏற பயம். விருந்தினர் வந்தால் பயம். எந்தச் சூப்பர் மார்க்கெட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்று மனப்பாடம். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அந்த நிலையில் டாக்டர் மிகவும் தயங்கி, வார்த்தை தேடி, "இப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது, கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றலாம்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எப்போது?"

உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி. அருவருப்பு பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான். படுத்திருப்பவரைக் கேட்டீர்களா?

7 செப்டம்பர், பின்னிரவு

"மருந்து கிருமியைக் கொல்கிறது என்றால் ஏன் திரும்புகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் இதையே கேட்டு நர்ஸைப் பிடுங்கினேன்.

இந்தக் கிருமி நிலைமை சரியில்லை என்றால் விதைபோல ஓடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஸ்போர் என்பார்கள். வான்கோமைசின் முளைத்திருப்பதைக் கொல்லும், ஓட்டுக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. குடலில் நமக்குக் காவலாக இருக்கிற மற்ற பாக்டீரியாக்களையும் அதே மருந்து அழித்துவிடுகிறது. பஸ் முழுக்க ஆள் உட்கார்ந்திருந்தால் புதிதாக ஏறுகிறவனுக்கு இடமில்லை. எல்லாரையும் இறக்கிவிட்டால் முதலில் ஏறுகிறவன் துண்டைப் போட்டு நாலு சீட்டைப் பிடிப்பான். கோர்ஸ் முடிந்த மறுநாள் குடலில் நடப்பது அதுதான்.

இடம் பிடிப்பதோடு பித்தமும் சேர்ந்துகொள்கிறது. (நம் ஊர்ப் 'பித்தம் தலைக்கேறியது' இல்லை, கல்லீரலில் நிஜமாகவே சுரப்பது.) கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் வேறு வகை அமிலமாக மாற்றுகின்றன. கிளாஸ்ட்ரிடியம் சின்டென்ஸ் என்பது அதில் பேர்போனது. மாற்றப்பட்ட அமிலம் சி. டிஃப் வளர்வதைத் தடுக்கும். மாற்றப்படாத அமிலம், குறிப்பாக டாரோகோலேட், ஸ்போர்களை முளைக்கச் சொல்லும். மாற்றுகிற பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் கொன்றுவிட்டால்? முளைக்கத் தூண்டுவது குவிகிறது, தடுப்பது இல்லாமல் போகிறது. எனவே ஒரு தடவை வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது திரும்புகிறது. திரும்பியவர்களுக்கு இன்னும் திரும்ப வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கூடுகிறது.

8 செப்டம்பர்

"அப்படியென்றால் தயிரும் பழைய சோறும் போதுமே அக்கா."

என் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து தினமும் இதைத்தான் போனில் சொன்னாள். தயிரில் இருப்பவை நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவை பித்தத்தை அப்படி மாற்றுகிற வகையில்லை, பெருங்குடலில் குடியேறித் தங்குகிற வகையும் இல்லை. சாப்பிடுங்கள், தடுக்கவில்லை. மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

10 செப்டம்பர்

சரி, ஆதாரம். ஆம்ஸ்டர்டாமில் செய்த சோதனை 2013 ஜனவரியில் வெளிவந்தது. திரும்பத் திரும்ப வந்த நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு 16 பேருக்குச் சில நாள் வான்கோமைசின், குடல் கழுவல், பிறகு மூக்கு வழியாக விட்ட ட்யூபில் நன்கொடையாளரின் மலக் கரைசல். முதல் முறையிலேயே 13 பேருக்குக் குணம். மீதி மூவருக்கு வேறொருவர் மலத்தை மறுபடி கொடுத்ததில் இன்னும் இருவருக்கும் சரியானது. வெறும் வான்கோமைசின் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர். வான்கோமைசினும் குடல் கழுவலும் பெற்ற 13 பேரில் 3 பேர். வித்தியாசம் இவ்வளவு என்று தெரிந்ததும் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் மாமனார் இருக்கும் நாட்டுக்கு வருவோம். இங்கே எந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2022 ஆகஸ்டில் இதை ஏற்றுக்கொண்டது. இதற்கு முன் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றாவது முறை என்கிறீர்கள், கணக்குச் சரியாக இருக்கிறது. பரிசோதனை எலி இல்லை.

10 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தபோது ரொம்ப விளம்பரமாக இருக்கிறதே என்று பட்டது. 16 பேர், 13 பேர் என்பதெல்லாம் சின்ன எண்ணிக்கை. 2016இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு நன்கொடையாளர் மலம், பாதிப் பேருக்கு அவரவர் மலமே. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நன்கொடையாளர் மலம் பெற்றவர்களில் 90.9% பேருக்குத் திரும்பவில்லை. தன் மலமே திரும்பப் பெற்றவர்களில் 62.5% பேருக்கும் திரும்பவில்லை! அதாவது சிலருக்குக் குடல் தானாகவே மீண்டுவிடுகிறது. எனக்கு எது வேலை செய்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் என்னை மறுபடி அந்த நிலையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் இரண்டாவது யோசனை இல்லாமல் ட்யூபைத்தான் கேட்பேன்.

12 செப்டம்பர்

"மேற்கத்தியர்கள் நேற்று கண்டுபிடித்தது" என்று ஒருவர். அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவரும் சகாக்களும் 1958இல் உயிருக்குப் போராடிய நான்கு பேருக்கு மல எனிமா கொடுத்துக் காப்பாற்றினார்கள். இந்தக் கிருமிதான் காரணம் என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1978இல். நோயின் பெயர் தெரியாமலே வைத்தியம். அதற்கும் முன்னால், நாலாம் நூற்றாண்டுச் சீனாவில் கே ஹோங் என்ற வைத்தியர் கடும் பேதிக்கு மலக் கரைசலைக் குடிக்கக் கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் லி ஷிசென் நூலில் 'மஞ்சள் சூப்' என்று கௌரவமான பெயரில் வருகிறது. நோயாளிக்கு எதிலிருந்து செய்தது என்று சொல்லியிருப்பார்களா? எனக்கு அதுதான் சந்தேகம்.

மாட்டு டாக்டர்களுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. அசை போடாமல் நிற்கும் மாட்டுக்கு நன்றாக இருக்கும் மாட்டின் இரைப்பை நீரை எடுத்துப் புகட்டுவது பழைய முறை. மாடு எந்த ரகளையும் செய்வதில்லை.

13 செப்டம்பர்

என் கொழுந்தன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

சிகிச்சை என்று தெரிந்ததும் அவன்தான் முதலில், "அண்ணி, நான் தரேன்" என்றான். சிகரெட் இல்லை, குடி இல்லை, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். குடும்பத்திலேயே ஒழுங்கான வயிறு அவனுடையது என்பதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது சிரித்துவிட்டு, இங்கே வீட்டு ஆட்களிடம் வாங்குவதில்லை, பரிசோதித்த நன்கொடையாளர்களின் மலம் உறைநிலையில் வரும் என்றார்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே உரிமம் பெற்ற மையம் இருக்கிறது. "அப்படியானால் அந்த மையத்துக்கே போய்த் தரேன்" என்று கிளம்பினான். கேள்வித்தாளில் முதல் பக்கமே தாண்டவில்லை. கோவிலில் கும்பாபிஷேகம் என்று அப்போதுதான் ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

அவனுக்கு மனசு ஒடிந்துவிட்டது. ஊரை அவமானப்படுத்துகிறார்கள் என்று பொங்கினான். இல்லையப்பா. நெதர்லாந்தில் வெளிநாடு போய் வந்தவர்களைச் சோதித்த ஆய்வு 2017இல் வந்தது. தெற்காசியா போய் வந்தவர்களில் சுமார் 75% பேர் குடலில், பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத இஎஸ்பிஎல் வகைக் கிருமியைப் புதிதாகச் சுமந்து திரும்பினார்கள். அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. சில வாரங்களில், சில மாதங்களில் பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் கொடுத்தது பலவீனமான ஒருவர் உடம்புக்குள் போனால்?

போயிருக்கிறது. 2019 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. ஒரே நன்கொடையாளரின் மலத்தில் செய்த கேப்சூலை எடுத்துக்கொண்ட, எதிர்ப்பு சக்தி குறைந்த இரண்டு பேருக்கு இஎஸ்பிஎல் வகை ஈ. கோலை பாக்டீரியா ரத்தத்தில் கலந்து, ஒருவர் இறந்தார். அந்த மலத்தை இந்தக் கிருமிக்காகச் சோதித்திருக்கவில்லை. அதன்பின் அந்தச் சோதனை கட்டாயமானது.

மாமியார் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். மலமா என்பதல்ல, யாருடையது, என்னென்ன சோதித்தார்கள் என்பது. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ், புழு, இஎஸ்பிஎல் எல்லாம் பார்ப்பார்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலே வேண்டாம் என்பார்கள். பாஸ்டன் பக்கம் ஓப்பன்பயோம் என்ற மல வங்கி 2012இல் தொடங்கியது. ஒரு தடவை கொடுத்தால் 40 டாலர் தந்தார்கள். விண்ணப்பித்தவர்களில் 100க்கு 3 பேர்கூடத் தேறவில்லை. கொழுந்தனிடம் சொன்னேன், "ஐஐடிகூடக் கிடைத்துவிடும் போல." இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

13 செப்டம்பர், இரவு

"வீட்டிலேயே மிக்சியில் அடித்து எனிமா கொடுக்கும் வீடியோ இருக்கிறது, செலவு மிச்சம்."

வேண்டாம். மேலே இருக்கும் குறிப்பை ஒரு தடவை படியுங்கள். மிக்சி வேறு பாழ்.

15 செப்டம்பர்

எப்படிச் செய்தார்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், கூச்சத்தோடு. எனக்குக் கூச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

முந்தின நாளே வான்கோமைசினை நிறுத்தினார்கள். இல்லையென்றால் புதிதாக வருகிறவர்களையும் அது கொன்றுவிடும். கொலனோஸ்கோப்பிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) முன் குடிப்பதுபோல உப்புக் கரைசல் குடித்து வயிற்றைக் காலி செய்தேன். ஏற்கெனவே காலிதான். மூக்கு வழியாக ட்யூப். தொண்டையைத் தாண்டும்போது குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். முழு வைத்தியத்திலும் கஷ்டமான இடம் அதுதான். ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தபின் நர்ஸ் பெரிய சிரிஞ்சில் பழுப்புத் தண்ணீரை எடுத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, தள்ளினாள். வாசனை? இல்லை. ருசி? ட்யூப் நாக்கைத் தொடவே இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் என் அக்கா நம்பமாட்டாள்.

அப்புறம் ஒரு கப் டீ. அன்று சாயந்திரம் வயிறு கொஞ்சம் உப்பியது, ஏப்பம் வந்துகொண்டே இருந்தது. (ஏப்பம் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் கிடையாது.) சில நாளில் கெட்டியாகப் போனேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றால் சிரிப்பீர்கள். அவர் அழுதார்.

எல்லாருக்கும் மூக்கு வழிதான் என்றில்லை. கொலனோஸ்கோப்பி மூலம் கீழிருந்து கொடுப்பார்கள், எனிமாவாகக் கொடுப்பார்கள், கேப்சூலும் உண்டு. கனடாவில் 2017இல் கேப்சூலையும் கொலனோஸ்கோப்பியையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் 96.2% பேருக்குத் திரும்பவில்லை. வயதானவருக்கு விழுங்கச் சிரமம் இருந்தால், புரையேறும் ஆபத்து இருந்தால், மேல்வழி வேண்டாம் என்று டாக்டரே சொல்வார். மாமனாருக்கு எது என்று கேளுங்கள்.

16 செப்டம்பர்

அமெரிக்கச் சகோதரர் ஒருவர், "எங்களுக்கு மாத்திரை வந்துவிட்டது" என்கிறார். ஆமாம். 2022 நவம்பரில் ரீபயோட்டா, ஆசனவாய் வழியாக. 2023 ஏப்ரலில் வவுஸ்ட், தினம் 4 கேப்சூல், 3 நாள். வவுஸ்ட் தயாரிப்பில் எனக்குப் பிடித்த ஒன்று: நன்கொடையாளர் மலத்தில் ஆல்கஹாலை விடுகிறார்கள். மற்ற எல்லாம் செத்துவிடும், ஸ்போராக இருக்கிற நல்ல பாக்டீரியா மட்டும் பிழைக்கும். எதனால் சி. டிஃப் சாகாமல் நம்மைப் படுத்தியதோ, அதே வித்தையால் அதன் எதிரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். பெரிய சோதனையில் எட்டு வாரத்துக்குள் திரும்பியது 12% பேருக்கு, மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 40% பேருக்கு.

விலையும் சொல்லிவிடுகிறேன். வந்தபோது பட்டியல் விலை 17,500 டாலர். மூலப்பொருளை நாம் தினமும் தண்ணீர் ஊற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

17 செப்டம்பர்

நான் 7ஆம் தேதி எழுதிய பித்தக் கதையோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஜெர்மனியின் கீல் நகரில் 2017இல் ஐந்து நோயாளிகளுக்கு மலக் கரைசலை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, பாக்டீரியாவே இல்லாத நீரை மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் நின்றது. பாக்டீரியாவே இல்லாமல் எப்படி? பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களா, வேதிப்பொருள்களா என்று யோசிக்கிறார்கள். ஐந்து பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் பித்தம்தான் எல்லாம் என்று நான் எழுதியதுபோல் தோன்றினால், அவ்வளவு நேர்கோடாக இல்லை.

17 செப்டம்பர், இரவு

"நீரிழிவு, ஆட்டிசம், மன அழுத்தம், உடல் பருமன் எல்லாவற்றுக்கும் இதுவே தீர்வு என்று ஒரு கிளினிக் சொல்கிறது."

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். பெருங்குடல் அழற்சிக்கு ஆய்வுகள் நடக்கின்றன, சிலருக்குப் பலன் தெரிகிறது. நைஸ் சிபாரிசு செய்தது திரும்பும் சி. டிஃபுக்கு மட்டும்.

பருமன் என்றதும் ஞாபகம். 2015இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணின் விவரம் வெளியானது. மகளின் மலத்தைப் பெற்றார், தொற்று குணமானது, 16 மாதத்தில் சுமார் 15 கிலோ ஏறிவிட்டார். மகளும் குண்டு. அதுதான் காரணமா, நோய் விட்டபின் பசி வந்து சாப்பிட்டதா என்று பிரிக்க முடியவில்லை. அதன்பிறகு பருமனானவர்களிடம் வாங்க யோசிக்கிறார்கள். எனக்கும் எடை ஏறியது. என் கணக்கில் அது முழுக்க அம்மா வந்து போட்ட நெய் தோசை.

19 செப்டம்பர்

வீட்டில் மற்றவர்களுக்குப் பரவுமா என்ற கேள்வியை நான் தாண்டிவிட்டேன், கேட்டவர் மன்னிக்கவும். ஆல்கஹால் ஜெல் இந்த ஸ்போரைக் கொல்லாது. கை கழுவச் சோப்பும் தண்ணீரும்தான், கழிவறைக்குக் குளோரின் பிளீச். முடிந்தால் அவருக்குத் தனிக் கழிவறை. வீட்டில் இருப்பவர்கள் திடகாத்திரமாக இருந்து, ஆன்டிபயாடிக் எதுவும் எடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. என் கணவருக்கு வரவில்லை. கைக்குழந்தைகள் பலர் இதைக் குடலில் சுமந்துகொண்டு ஜம்மென்று இருப்பார்கள்.

பேதி நின்றபின் "போய்விட்டதா பார்ப்போம்" என்று மறுபடி ஸ்டூல் டெஸ்ட் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். குணமான பிறகும் கிருமி இருப்பதாகக் காட்டலாம். மனநிம்மதிதான் போகும்.

24 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: மாமனாரே டாக்டரிடம் நேராகச் சரி என்று சொல்லிவிட்டாராம், மாமியாரைக் கேட்காமலே. தேதி கொடுத்திருக்கிறார்கள். மாமியாரின் இப்போதைய கவலை, கொடுப்பவர் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவரா என்பது.

அதைச் சோதிக்க மாட்டார்கள் தம்பி. ஆனால் நல்லபடியாக முன்னேறியிருக்கிறோம்.

2 அக்டோபர்

மாமனாருக்கு முடிந்துவிட்டதாம், வீட்டுக்கு வந்துவிட்டார். இனிமேல் கவனிக்க வேண்டியதை அவருக்காக எழுதுகிறேன். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை திரும்ப வரலாம், வந்தால் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும், மறுபடி ஒருமுறை கொடுக்கலாம். எந்த டாக்டர், பல் டாக்டர் உள்பட, ஆன்டிபயாடிக் எழுதினாலும் "எனக்கு சி. டிஃப் வந்திருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகை மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறார் என்றால் அது இன்னும் தேவையா என்று கேளுங்கள். அதற்கும் இந்தத் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

பென்சிலின் அலர்ஜி பற்றி நிறையப் பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அலர்ஜி என்று ரெக்கார்டில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் அது இல்லை என்று சோதித்தால் தெரிகிறது. நானும் போனேன். தோலில் குத்திப் பார்த்தார்கள், பிறகு அமாக்சிசிலின் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. ரெக்கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தடிப்பு வந்தது, அவள் கண்ணால் பார்த்தாளாம்.